ஏழாம் அறையும் இருபது பெண்களும்

"நீங்க முதல்ல போங்க அக்கா."

"நல்லா இருக்கே. உங்களை நிக்க வெச்சுட்டு நானா? நீங்க போங்க."

"உங்களுக்கு முன்னாடி நான் காலெடுத்து வெச்சேன்னு தெரிஞ்சா எங்க வீட்ல சோறு போட மாட்டாங்க. போங்க, போங்க."

திரைக்குப் பின்னாலிருந்து வந்த இந்தப் பேச்சைத் தாழ்வாரக் கோடியில் உட்கார்ந்து ஹிக்மத் பத்து நிமிஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் காத்திருக்கும் கூடம். அதற்கும் உள்ளே ஏழாம் அறை, டாக்டர் மலோஹத்தின் பரிசோதனை அறை.

"பத்து மணிக்கு முன்னாடி கிளினிக் பக்கமே தலை காட்டாதீங்க" என்று டாக்டர் முந்தின நாளே சொல்லிவிட்டார். "வந்தாலும் திரையை விட்டுப் பத்தடி தள்ளியே இருங்க. ஆம்பளை செருப்பைப் பார்த்தாலே எழுந்து போயிடுவாங்க."

ஹிக்மத் பத்துக்கு ஐந்து நிமிஷம் கழித்தே வந்தார். செருப்பைக்கூட நாற்காலிக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தார்.

அவர் குஜந்து நகரில் ஆப்ரிகாட் பழத்தை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் இன்ஜினியர். பழத்துக்கு ஒரு கீறல் விழாமல் கொட்டையை எடுக்கும் இயந்திரம் அவர் கைவேலை. தொழிலாளிகளைப் பரிசோதிக்க வந்த டாக்டர் மலோஹத் அந்த இயந்திரத்தைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் பையிலிருந்து ஒரு இரும்புக் கருவியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தார். வாத்து அலகு மாதிரி இருந்தது.

"இதுக்கு ஸ்பெக்குலம்னு பேரு. இதை உள்ள விட்டு விரிச்சுத்தான் கருப்பை வாயைப் பார்க்கணும். எங்க பாட்டி காலத்துலயும் இதேதான். ஜில்லுன்னு இருக்கும், திருகினா கடகடங்கும். ஒரு தடவை வந்தவ மறு தடவை வர மாட்டா. புத்துநோய் மட்டும் கூப்பிடாமலே வந்துடும். பழத்து மேல காட்டுற இரக்கத்தை எங்க மேலயும் கொஞ்சம் காட்டக் கூடாதா?"

ஹிக்மத்துக்குக் காது சிவந்துபோயிற்று. ஆனால் மறுக்கவில்லை. அவர் மனைவி சுமன்பர் ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரே ஒரு தடவை அந்தப் பரிசோதனைக்குப் போய்வந்து, "அஞ்சு பல்லைப் பிடுங்கணுமா, சரின்னு உக்காருவேன். அந்த அறைக்கு மட்டும் இனி மாட்டேன்" என்று சொன்னவள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் வந்தாள்.

இரண்டு வருஷம் உழைத்தார். இரண்டு அலகு நான்கு இதழாயிற்று. மேலே மெத்தென்று சிலிகான் தோல். விரல் பருமனில் உள்ளே போய், சத்தமில்லாமல் மொட்டு மாதிரி விரியும். வேண்டுமென்றால் அந்தப் பெண்ணே தன் கையால் வைத்துக்கொள்ளலாம்.

இன்று பதினொன்றரைக்குத் தலைநகரிலிருந்து குழு வருகிறது. அதற்குள் இருபது பெண்களுக்கு இந்தக் கருவியால் பரிசோதனை நடந்து, பரவாயில்லை என்று அவர்கள் வாயால் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு அலமாரிக்குப் போகும், அடுத்த ஐந்து வருஷத்துக்குப் பழைய இரும்பையே வாங்குவார்கள்.

இருபது பெண்களும் வந்துவிட்டார்கள். அதில் குறையில்லை. ஒருத்தியும் நகரவில்லை, அதுதான் குறை.

எங்கள் ஊரில் எதற்கும் பேரம் உண்டு. பஜாரில் முலாம்பழத்துக்கு விலை இறங்கும். வாசற்படியில் மரியாதை ஏறும். முலாம்பழத்தில் கடைசியாக யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துவிடுவார். வாசற்படியில் எல்லோருமே விட்டுக்கொடுப்பதால் வியாபாரம் முடிவதே இல்லை.

துப்புரவு வேலை பார்க்கும் ரோஹத் வாளியோடு வெளியே வந்தாள். ஹிக்மத் சைகை காட்டிக் கூப்பிட்டார்.

"அக்கா, உள்ளே என்ன நடக்குது?"

"என்ன நடக்கும், உபசாரம்தான். ஒருத்தரும் நகர மாட்டேங்கிறாங்க. எனக்குத் தரை துடைக்க வழியில்லை."

"வயசுல மூத்தவங்க முதல்ல போகட்டும்னு சொல்லுங்க."

ரோஹத் போய்ச் சொன்னாள். உள்ளேயிருந்து ஒரு கனத்த குரல், "அப்போ பஹ்ரிதான் போகணும்" என்றது.

"நானா? தோஜினிசோ, உனக்குக் கல்யாணம் நடந்தப்போ நான் கையில பொம்மையை வெச்சுட்டு நின்னேன்."

"பொம்மையா? அது உன் ரெண்டாவது பிள்ளை."

கூடமே குலுங்கிச் சிரித்தது. மூத்தவள் யார் என்று கேட்டதும் மூத்தவளே இல்லாமல் போய்விட்டாள். அறுபது வயதுக்காரிகள் ஐம்பதுக்கு இறங்கினார்கள். ஐம்பதுகள் நாற்பதில் நின்றன.

ஹிக்மத் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். தன் கருவியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே கால். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் இனி இருபது பேர் முடியாது. பதினைந்து போதும் என்று குழுவிடம் கெஞ்சிப் பார்க்கலாம்.

"சரி, சின்னவங்க முதல்ல போகட்டும்னு சொல்லுங்க."

"தம்பி, அது சரிப்படாது."

"சொல்லுங்க அக்கா."

சொன்னாள். அடுத்த நிமிஷம் உள்ளே ஒரு இளம்பெண் விசும்பும் சத்தம் கேட்டது. ரோஹத் திரும்பி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"கல்யாணமாகி மூணு மாசம்தான் ஆச்சு அந்தப் பொண்ணுக்கு. மாமியா பக்கத்துல நிக்கிறா. மாமியாளைத் தாண்டிப் போன்னு சொன்னா அது அழாம என்ன செய்யும்? இப்போ மாமியா அதைத் தேத்துறா. மத்த எல்லாரும் மாமியாளைத் தேத்துறாங்க."

பத்து நாற்பது. பதினைந்து பேர் பத்துப் பேராயிற்று. ஹிக்மத் தன்னோடு தானே பேரம் பேசி, தானே இறங்கிக்கொண்டிருந்தார்.

பயத்தை மறைக்கத்தான் இத்தனை உபசாரமும் என்று அவருக்குப் பட்டது. பயத்துக்கு மருந்து தேநீர். எதிர்ச் சாரிச் சாயாக்கடைக்கு ஓடி, நான்கு பெரிய கெண்டி பச்சைத் தேநீர், பன்னிரண்டு ரொட்டி, ஒரு தட்டு உலர்ந்த ஆப்ரிகாட் என்று வாங்கி அனுப்பினார்.

அதுதான் பெரிய தப்பு. அதுவரை நின்றுகொண்டாவது இருந்தவர்கள், ரொட்டியைப் பார்த்ததும் விரிப்பை விரித்து வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். ரொட்டியைப் பிட்டால் பிட்டதுதான். முடிவில் யாராவது பிரார்த்தனை சொல்லி, எல்லோரும் கையால் முகத்தைத் தடவிக்கொள்ளாமல் அங்கிருந்து யாரும் எழுந்திருக்க முடியாது.

"பிரார்த்தனை நீங்க சொல்லுங்க பஹ்ரி அக்கா."

"நீ இருக்கறப்போ நானா?"

ஹிக்மத் தலையில் கை வைத்துக்கொண்டார். பத்துப் பேர் ஐந்து பேராயிற்று. போனை எடுத்தார்.

"சுமன்பர், உடனே கிளினிக்குக் கிளம்பி வா. யாரையும் பார்க்காம நேரா ஏழாம் அறைக்குள்ள போயிடு. ஒருத்தி போனா மத்தவங்க பின்னாலயே வருவாங்க."

"எந்த அறைக்கு?"

"தெரிஞ்சுகிட்டே கேக்காத. கருவி நான் செஞ்சது."

"அதான் யோசனையா இருக்கு. நீங்க செஞ்ச ஜன்னல் கொக்கியை மாட்டினா கழட்ட முடியலை, கழட்டினா மாட்ட முடியலை."

"ரெண்டு வருஷ உழைப்பு, சுமன்பர்."

மறுமுனையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "வர்றேன்" என்றாள்.

பதினொன்றுக்கு வந்தாள். தூக்கு மேடைக்குப் போகிறவள் முகத்தோடு அவரைக் கடந்து, திரையை விலக்கி உள்ளே போனாள். ஹிக்மத் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"வாங்க, வாங்க. இன்ஜினியர் வீட்டம்மாவா? எழுந்திருங்க எல்லாரும், இடம் விடுங்க."

"நல்லா இருக்கீங்களா? வீடு நல்லா இருக்கா? பிள்ளைங்க? மாமியா முட்டிவலி எப்படி? அந்தச் சிவப்புப் பசு கன்னு போட்டுச்சா?"

இருபது பேரும் இதையே கேட்டார்கள். இருபது பேரையும் சுமன்பரும் கேட்டாள். அவளுக்கென்று புதிய ரொட்டி பிட்டார்கள். அதன்பின் எழுந்த கலகலப்பில் எந்தக் குரல் யாருடையது என்றே தெரியவில்லை. ஐந்து ஒன்றாயிற்று. ஒரே ஒரு பெண் போனாலும் போதும், அவள் கையைப் பிடித்துக் கும்பிட ஹிக்மத் தயாராக இருந்தார்.

சரியாகப் பதினொன்றரைக்குக் குழு வந்தது. முன்னால் டாக்டர் முனவ்வரா, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அம்மாள். பின்னால் கோப்பு சுமந்த அக்ரம். இருவரும் தாழ்வார வாசலில் நின்று, "நீங்க முதல்ல", "இல்லை, நீங்க" என்று இரண்டு நிமிஷம் செலவழித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

"எத்தனை பேருக்கு ஆச்சு?" என்றார் முனவ்வரா.

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஹிக்மத் நினைத்தார். திரைக்குப் பின்னாலிருந்து சரியாக அந்த நேரம் பார்த்து, "நீங்க முதல்ல போங்க, உங்க பின்னாலேயே நான் வர்றேன்" என்று குரல் வந்தது.

"ஒருத்தருக்குக்கூட ஆகலைங்க" என்றார். "வந்ததுல இருந்து காதால கேக்கிறேன். வயசைச் சொல்லிப் பார்த்தேன், தேநீர் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், என் பொண்டாட்டியை அனுப்பிப் பார்த்தேன். அவளும் அந்தக் கும்பல்ல கரைஞ்சு போயிட்டா. மரியாதைன்னு பேரு, உள்ளுக்குள்ள பயம். என் கருவியை யாரும் நம்பலை."

முனவ்வரா பெருமூச்சு விட்டார். அவருக்கும் வருத்தம்தான். இரும்பின் சத்தம் அவரும் அறிந்ததே.

"அப்போ எழுதிக் கொடுத்துடுங்க. பெண்கள் ஏத்துக்கலைன்னு ஒரு வரி போதும்."

அக்ரம் தாளை நீட்டினார். ஹிக்மத் நாற்காலிக் கைப்பிடியில் தாளை வைத்து, 'கருவியைப் பயன்படுத்த எந்தப் பெண்ணும் முன்வரவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போடப் பேனாவை ஊன்றினார்.

காலியான தேநீர்க் கெண்டிகளோடு வெளியே வந்த ரோஹத் அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். "என்ன தம்பி எழுதுறீங்க?"

"யாரும் உள்ளே போகலைன்னுதான் அக்கா. நீங்களே சாட்சி. காலையிலேர்ந்து ஒருத்தரை ஒருத்தர் முதல்ல போங்க, முதல்ல போங்கன்னுதானே சொல்லிட்டு இருக்காங்க."

ரோஹத் கெண்டிகளைத் தரையில் வைத்தாள்.

"உள்ளே போறதுக்கு எவ உபசாரம் பண்ணா? ஆறரை மணிக்கே வந்து, ஒன்பதே முக்காலுக்குள்ள இருபது பேரும் முடிச்சாச்சு, அப்புறம் வந்த உங்க வீட்டம்மாவோட இருபத்தொண்ணு, எல்லாரும் பரவாயில்லைன்னு சொன்னதை டாக்டரம்மா உள்ளே உக்காந்து எழுதிட்டு இருக்காங்க. இவங்க காலையிலேர்ந்து மல்லுக்கட்டிட்டு நிக்கிறது யாரு முதல்ல வெளியே போறதுன்னுதான்."