வளர்ந்த களிசான்

செத்தாலும் அந்த எலும்புப் படம் பிடிக்கப் போவதில்லை என்று முத்துலிங்கத்தார் சத்தியம் பண்ணிவிட்டார். கண்டியில் முப்பது வருஷம் நில அளவையாளராகச் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்ற மனுஷன். சொன்னால் சொன்னதுதான்.

"புண் குடலிலை. இவங்கள் எலும்பை என்னத்துக்குப் படம் பிடிக்கிறாங்கள்? நாளைக்குத் தடிமன், தும்மல் எண்டு போனால் காலிலை கட்டுப் போடுவாங்கள் போல!"

"இஞ்சாருங்கோ, ஒன்பது வருஷமா அந்த ஸ்டீரொயிட் குளிசையை விட்டுவிட்டுப் போடுறீங்கள்," என்றாள் மனைவி கமலாசனி. "அதுவும் எலும்பை அரிக்குமாம், குடல் வருத்தமும் அரிக்குமாம். டொக்டர் சொன்னவரெல்லே? வெளியிலை ஒண்டும் தெரியாதாம். ஒருநாள் தும்மேக்கை முள்ளந்தண்டு நொருங்குமாம். ஆளே கட்டையாப் போவாராம்."

"ஆர் கட்டை? நான் ஐஞ்சடி எட்டங்குலம்! கலியாணத்தண்டு உம்மட அப்பா என்னை அண்ணாந்துதான் பாத்தவர்!"

கமலாசனி அதற்குமேல் பேசவில்லை. அவள் பயம் அவளுக்கு. ஹந்தானைச் சரிவில் வீடு, வாசலுக்கு இருபத்தேழு படி, மழை பெய்தால் படியெல்லாம் பாசி. அவள் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்பது முத்துலிங்கத்தாருக்கு இத்தனை வருஷத்திலும் விளங்கவில்லை.

அடுத்த வெள்ளி கோயிலுக்குப் புறப்பட்டார். களிசானின் கால் நீண்டு குதிக்காலில் மிதிபட்டது. பட்டியை ஒரு துளை இறுக்கிக்கொண்டு போனார். மறு வெள்ளி மற்றக் களிசானும் நிலத்தைக் கூட்டியது. கொதித்துப் போய் இரண்டையும் தூக்கிக்கொண்டு டவுனுக்கு இறங்கினார்.

"என்ன துணி வித்தனீர்? தோய்க்கத் தோய்க்க வளருது!"

தையற்காரர் ஷிராஸ் களிசானைப் புரட்டிப் பார்த்தார். "தோய்ச்சா சுருங்குற துணி கண்டீக்கிறேன் சேர். நீளுற துணி இன்னும் பாக்கல்ல." பிறகு முத்துலிங்கத்தாரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். "துணி அப்பிடியேதான் ஈக்கி. சேர்தான்..."

"நான்தான் என்ன?"

"ஒண்டுமில்ல சேர்."

அந்த 'ஒண்டுமில்ல' முத்துலிங்கத்தாரை வீடுவரை துரத்தி வந்தது. வீட்டில் அளவு நாடா இருந்தது. ஆனால் தெல்தெனியவில் அரையடி எல்லைக்காக அடுத்தவன் மதிலையே இடிக்க வைத்தவருக்குத் தன்னை அளக்கத் தைரியம் வரவில்லை. குறைந்திருந்தால்?

படம் பிடிக்கச் சொல்லி டொக்டர் எழுதித் தந்த துண்டு அலுமாரியில் முன்னுக்கே கிடந்தது. தேட வேண்டியிருக்கவில்லை.

"தெல்தெனியவிலை ஒரு சிநேகிதரைப் பாக்கப் போறன்," என்றார்.

"கவனமாப் போட்டு வாங்கோ," என்று கமலாசனி குடையை எடுத்துக் கொடுத்தாள்.

பின்னேரம் இருபத்தேழு படியையும் கத்திக்கொண்டே ஏறினார்.

"ஐஞ்சடி எட்டங்குலம்! ஒரு நூல் குறையேல்லை! நேர்ஸ் அளந்து எழுதித் தந்தவ!"

"எந்த நேர்ஸ்? தெல்தெனியவிலையோ?"

முத்துலிங்கத்தார் நாக்கைக் கடித்துக்கொண்டார். கமலாசனி அவருடைய சட்டைப்பையிலிருந்த கடதாசியை உருவி வாசித்தாள்.

"இடுப்பெலும்பும் முள்ளந்தண்டும் நல்லா மெலிஞ்சு போச்சு எண்டு கிடக்கு."

"ஓம். இன்னும் ஒண்டும் உடையேல்லையாம். கல்சியம், விட்டமின் டீ, காலமை வெயிலிலை நடை. நல்ல நேரம் வந்தீங்கள் எண்டு டொக்டர் சொன்னவர்."

அவள் கடதாசியை மடித்து வைத்தாள். கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அதைப் பார்க்க அவருக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனாலும் கோபம் கோபம்தான்.

"அது கிடக்கட்டும்! நான் குறையேல்லை எண்டால் களிசான் என்னெண்டு நீண்டது? எனக்கு இண்டைக்கே தெரியோணும்!"

கமலாசனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஊசிப் பெட்டியைத் திறந்தாள்.

"கழட்டிக் கதிரையிலை போடுங்கோ, அவிட்ட மடிப்பைத் திரும்பப் பழைய அளவுக்கு மடிச்சுத் தைச்சு விடுறன். நாளைக்கு நடக்கப் போகேக்கை ஷிராஸ் தம்பியிட்டையும் சொல்லிவிடுங்கோ, இனி உண்மை சொல்லலாமெண்டு."