ரெண்டு கோட் வெள்ளை

கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு திமிர் வரும். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்ததுமே சுற்றி நிற்பவர்கள் எல்லாம் விவரம் இல்லாதவர்கள் என்று தோன்றிவிடும். இரண்டாயிரங்களின் நடுவில், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு அந்தத் திமிர் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அப்பா பொங்கலூரில் தோட்டம் பார்த்தவர். பிறகு திருப்பூர் வீரபாண்டியில் பிரிண்டிங் யூனிட் போட்டார். டி-சர்ட்டில் படம் அச்சடிக்கும் வேலை. படங்களை வெளியே கொடுத்துத்தான் வரைந்து வாங்குவார். அதை நானே செய்கிறேன் என்று கேட்டேன். அவரோ என் ஜாதகத்தைக் கல்யாணத் தரகரிடம் கொடுக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பேசிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வெளிநாட்டு ஆர்டர்களைப் பிடித்துத் தரும் பையிங் ஆபீசிலிருந்து மெர்ச்சண்டைசர் வெள்ளிக்கிழமை மதியம் வருகிறார். நான் வரைந்ததை நம் கம்ப்யூட்டரிலேயே பார்த்து அவர் சரி என்று சொன்னால் யூனிட்டில் எனக்கு ஒரு நாற்காலி. இல்லையென்றால் ஜாதகம் கிளம்பிவிடும்.

அங்கே நம் கம்ப்யூட்டர் என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது, ஃபேனில் பனியன் பஞ்சு அடைத்து அது செத்துப்போயிருந்தது. எனவே புதிதாக நானே ஒன்று கட்டுவது என்றும், அதைத் தண்ணீரால் குளிர வைப்பது என்றும் முடிவு செய்தேன். சிங்கப்பூரில் இருந்த பெரியப்பா மகன் அதற்கான கிட் ஒன்றை வாங்கி அனுப்பினான். (அதில் தண்ணீரை ஆற வைக்கும் ரேடியேட்டருக்கும் ஒரு ஃபேன் உண்டு, அதிலும் பஞ்சு அடைக்கும். இதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.)

"கம்ப்யூட்டருக்குத் தண்ணியா?" என்றார் அப்பா. "நம்மூர்ல குடிக்கறதுக்கே லாரில வருது கண்ணு."

"பேட்டரிக்கு ஊத்தற தண்ணிதானுங்கப்பா. ஒருக்கா ஊத்துனாப் போதும், அதே சுத்திச் சுத்தி வரும்."

"அப்பச் சேரி."

பிராசசரின் தலையில் ஓர் உலோகக் கட்டி உட்காரும். அதற்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் இருக்க ஒரு பேஸ்ட் தடவ வேண்டும். கிட்டில் அதற்கென்று சின்ன டியூப் ஒன்று வந்தது. அழகு பார்ப்பதற்காக நான் கட்டியை மாட்டி, கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் டியூப் காலி.

கோயம்புத்தூர் போய் வாங்கி வர நேரமில்லை. அப்போதுதான் பிரிண்டிங் மாஸ்டர் செல்வராஜ் அண்ணன் கண்ணில் பட்டார். நாசரேத் பக்கத்துக்காரர். குடும்பத்தோடு திருப்பூர் வந்து எங்களிடமே பல வருடமாக இருந்தார். யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர்.

"அண்ணே, வெள்ளையா ஒரு பேஸ்ட் வேணுமே."

"வெள்ளை பேஸ்ட்தானே? நம்மகிட்ட டின் டின்னாக் கிடக்குல்லா பாப்பா."

"சூடு தாங்குமா?"

"என்ன இப்படிக் கேக்கிய? கியூரிங் மெஷினுக்குள்ள போயிட்டு வருது. அதைவிடவா உங்க கம்ப்யூட்டர் சுடப் போவுது?"

அச்சைச் சூட்டில் உலர்த்தும் மெஷின் அது. நியாயமாகத்தான் பட்டது. சூட்டைத் தாங்குவது வேறு, சூட்டைக் கடத்துவது வேறு என்பதை எனக்கு நான்கு வருடம் பாடமாக நடத்தியிருந்தார்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. டி-சர்ட்டில் ரப்பர் மாதிரி எழும்பி நிற்குமே, அந்த வெள்ளை பேஸ்ட்டை அண்ணன் கிண்ணத்தில் கொண்டுவந்தார். கூடவே பேஸ்ட்டை இழுத்துவிடும் சின்ன ஸ்குவீஜி ஒன்றும் வந்தது. பிராசசர் மேல் ஒரே இழுப்பு. பிசிறில்லாமல் படிந்தது.

"ரெண்டு கோட் போட்டுருவோமா? ஒண்ணுன்னா அடித்துணி தெரியும்."

"போடுங்கண்ணே," என்றேன் நான். முதல் வகுப்பில் தேறியவள்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. டிசைன் ஒன்றைத் திறந்தேன், கீச்கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடி போட்டேன். வெப்பநிலை எண் மளமளவென்று ஏறியது, மறுபடி அணைந்தது. பம்ப்பில் கை வைத்தேன், ஓடியது. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று பெட்டியைச் சாய்த்துக் குலுக்கினேன். அதற்குள் யூனிட்டில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள்.

அப்பா குனிந்து குழாயைப் பார்த்தார். "தண்ணி வேகம் பத்தலியாட்ட இருக்குது. மோட்டாரை ஒரு சைஸ் பெருசாப் போட்டுப் பாரு."

"இது தோட்டத்துக் கெணறு இல்லீங்கப்பா."

"தண்ணி எங்க ஓடுனாலும் தண்ணிதான சாமி."

சோடாக் கடையிலிருந்து ஐஸ் வந்தது. கிட்டின் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி அடுக்கினோம். மேசை முழுக்க ஈரம். பிராசசருக்கு மட்டும் காய்ச்சல் குறையவே இல்லை. கடைசியில் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே போகிற தண்ணீர் சில்லென்று இருந்தது. வெளியே வருகிற தண்ணீரும் அதே சில்லிப்பு. அப்படியானால் சூடு தண்ணீருக்கு வந்து சேரவே இல்லை. நடுவில் எதுவோ மறிக்கிறது. நடுவில் இருந்தது ரெண்டு கோட் வெள்ளை.

கட்டியைக் கழற்றப் போனேன். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். பிராசசரும் சேர்ந்து, சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. அடியில் இருந்த கம்பிகள் பாதி மடங்கிக் கிடந்தன. செல்வராஜ் அண்ணன் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"பிடிப்பு பாத்தியளா பாப்பா? எத்தனை வாஷ் போட்டாலும் போவாது."

வாசலில் கார் சத்தம் கேட்டது. மெர்ச்சண்டைசர் உள்ளே வந்தார். ஐஸ் உருகி வழியும் மேசை, குடலைக் காட்டிக்கொண்டு ஒரு பெட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நான். அவர் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார். அப்பா ஒரு பொய் சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்க. எம்புள்ள கம்ப்யூட்டருக்கே பிரிண்ட் போட்டுப் பாத்துருச்சுங்க. கொஞ்சம் நல்லாவே புடிச்சுக்கிச்சு."

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் கியூரிங் மெஷின்காரர்கூட எட்டிப் பார்த்தார். டிசைன்களை சிடியில் எழுதி வைத்திருந்தேன். மூவரும் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்கு நடந்தோம். ஒருவர் உட்காரும் தடுப்புக்குள் மூன்று பேர். அவர் எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றைக்கூடச் சரி என்று சொல்லவில்லை. யானைக் குட்டி படத்தை மட்டும் இரண்டாவது முறை திறக்கச் சொல்லி, நிறத்தை மாற்றிக் காட்டும்படி கேட்டுவிட்டுப் போனார்.

ஆக, நான் தோற்றேன். அப்பா வாக்கு மாற மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்கூட்டரில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன். அப்பா நேராகப் போனை எடுத்துத் தரகருக்குப் போட்டார். நான் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"ஏனுங்க, அந்த ஜாதகம் இப்பத்திக்கு வேண்டாமுங்க." எதிர்முனை ஏதோ கேட்டது. "இல்லீங்க, புள்ளைக்கு ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நம்ம ஊட்டுல செஞ்சதைய அடுத்த ஊட்டுல போயிச் செஞ்சுதுன்னா என்ற மானம் போயிருமுங்க. கொஞ்ச நாள் இங்கயே கெடந்து பழகட்டும்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே, "அந்த யானைக் குட்டிக்கு என்ன கலருன்னு யோசிச்சியா கண்ணு?" என்றார்.

அப்பா இப்போது இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தைகளும் வளர்ந்துவிட்டார்கள். எனக்குக் கோபம் ஏறும்போதெல்லாம் வீட்டில் எல்லாரிடமும் என் மகள், "அம்மாவுக்கு ரெண்டு கோட் போட்டுட்டாங்க, சூடு எறங்காது, யாரும் கிட்டப் போகாதீங்க" என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். யூனிட்டின் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.