ராக்காயி வாசல் செவ்வந்தி

அமிர்தநாதன் வாசலில் நட்ட செவ்வந்தியில் ஒன்றுக்கும் தலை இல்லை. நுனியெல்லாம் கிள்ளிப் போட்டிருந்தது.

“பக்கத்துக் காம்பரா ராக்காயி வேலைதான்,” என்றார்.

தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசைக் காம்பராக்களில் நல்ல வாசல் தோட்டத்துக்குத் துரையின் மனைவி துரைசாணி புதுக் கம்பளி ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தாள். அவர் வீட்டுக் கம்பளியில் முக்கால்வாசி ஓட்டை.

“அவ எதுக்குங்க கிள்ளப் போறா?” என்றாள் மனைவி றோசலின்.

“கொழுந்து பறிக்கிற கை. சும்மா இருக்குமா? கம்பளி அவளுக்கும்தானே வேணும்.”

“செத்த பொறுங்க. செடி ஒண்ணும் சாகல.”

அவர் பொறுக்கவில்லை. ஆயுசு முழுக்கப் பெக்டரியில் இலை வாட்டியவருக்குச் செடியோடு என்ன பழக்கம்? எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார். கந்தப்பளைக் கடையில் புது நாற்று வாங்கி வந்து நட்டு, சுற்றி முள்வேலி போட்டார். பீலியில் விழும் தண்ணீரைப் பிடிக்கப் போகிற வழியும் அதுதான். முதலில் கிழிந்தது றோசலின் சேலை.

“வேலி கள்ளனுக்கா, எனக்கா?”

வேலியைப் பிரித்தார். வேறு வழி பிடித்தார். ராக்காயி காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனதும் அவள் வாசலில் நுழைந்து செவ்வந்தி நுனிகளைக் கிள்ளினார். மறுநாளும் கிள்ளினார். துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளினார். அவளோ வாசல் தட்டியைச் சாத்தாமலே போக ஆரம்பித்தாள்.

“திமிரப் பாத்தியா? நம்மள ஒரு ஆளாவே மதிக்கல.”

“சொகமா அண்ணே?” என்று வழியில் சிரிப்பாள் ராக்காயி. இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு நாள் மழையோடு கிள்ளப் போய்க் காய்ச்சலில் விழுந்தார். அந்த ஓட்டைக் கம்பளிக்குள் கிடந்து, எழுந்து வெளியே வந்த அன்றுதான் துரைசாணியும் வந்தாள்.

அவருடைய செவ்வந்தி ஒற்றைக் குச்சியாய் இடுப்பளவு வளர்ந்து, காற்றில் சாய்ந்து சேற்றில் கிடந்தது. ராக்காயி வாசலில் செடி ஒவ்வொன்றும் தேயிலை மாதிரி படர்ந்து, இலை தெரியாமல் பூத்திருந்தது.

துரைசாணி கம்பளியை நீட்டினாள். ராக்காயி வாங்கவில்லை. அமிர்தநாதனைக் கை காட்டினாள். மாட்டிக்கொண்டோம் என்று அவர் றோசலின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்.

“அண்ணனுக்கே குடுங்க தொரசாணி,” என்றாள் ராக்காயி. “நுனியக் கிள்ளினாத்தான் செவ்வந்தி கெளை வெடிச்சுப் படரும். அவரு செடிக்கு நான் ஒரே ஒரு நாள்தான் கிள்ளி விட்டேன். அந்த நன்றிக்கு மனுசன் மாசம் பூரா வந்து எனக்குக் கிள்ளி விட்டாரு.”