மணலில் கால் வைக்காத நிபுணர்

பெங்களூரில் கடல் கிடையாது. ஆனால் பீச் வாலிபால் நிபுணர் உண்டு. வீடு கட்டவே நல்ல மணல் கிடைக்காமல் கல்லை அரைத்துப் பூசிக்கொள்ளும் இந்த ஊரில், நாலு லாரி மணலைக் கொட்டி, நடுவில் வலை கட்டி, ஓரத்தில் ஒரு காபிக் கடையையும் வைத்துவிட்டால் போதும். மறுநாள் காலையில் இவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யார் கூப்பிட்டார்கள்? யாரும் கூப்பிடவில்லை. இந்த இனத்தைக் கூப்பிட வேண்டிய அவசியமே வராது.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். தலையில் தொப்பி, கழுத்தில் விசில், காலில் ஷூ, ஷூவுக்குள் கனத்த சாக்ஸ். மணலில் மட்டும் இறங்க மாட்டார். கேட்டால், "சுகர் இருக்கு சார், வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்பார். சுகர் வருவதற்கு முன்னால் ஆடியிருக்கிறாரா என்று கேட்டுவிடாதீர்கள். உங்களை ஹவாய் தீவுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே அலைச்சறுக்குக்கு அலை சரியாக வராத நாட்களில் பொழுது போகாமல் கரையில் பந்து தட்டினார்களாம், அது கலிபோர்னியாவுக்குப் போனதாம், அங்கே பக்கத்துக்கு ஆறு பேர் ஆடியதை இரண்டு பேராகக் குறைத்தார்களாம், தொண்ணூற்றாறில் அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்த்தார்களாம். எல்லாமே சரியான தகவல். அதுதான் கொடுமை! தப்பாகச் சொன்னாலாவது சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

நான் பார்த்த நிபுணரின் பெயர் ஓஸ்வால்ட். பிரேசர் டவுன்காரர். ஒரு கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், அதாவது மேய்க்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர். அவர் கையில் அகப்பட்டவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி அவர் தெருவிலேயே இருக்கும் ஐரின். இன்னொருத்தி அவளோடு ஜோடி சேர்ந்து ஆடும் ஸ்ரீராம்புரம் ரூபினி. விடிகாலையில் இந்த மணலில் விழுந்து புரண்டுவிட்டு, குளித்தும் குளிக்காமலும் பஸ் பிடித்து, ஒரு ஜவுளிக்கடை பில்லிங் கவுண்டரில் போய் நாள் முழுக்க நிற்கிறவள் இந்த ரூபினி. ஆறு வருஷமாக ஆடுகிறார்கள். அவர்களுக்குத்தான் இவர் தினமும் பாலபாடம் எடுப்பார்.

"முட்டியை மடக்கும்மா! ரெண்டு கையையும் சேர்த்து முன்னங்கையில வாங்கு! விரல் நுனியால தட்டி விட்டா ஃபவுல், ஞாபகம் இருக்கட்டும்! பிளாக்ல கை பட்டாலும் அது ஒரு டச், மிச்சம் ரெண்டுதான்!"

"சரி அங்கிள்" என்பாள் ஐரின். பெரியவர், பக்கத்து வீட்டுக்காரர், தினமும் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுக்கிறவர். வேறென்ன சொல்ல முடியும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அதே மணலில் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி நடந்தது. கடைசி ஆட்டத்தில் ஜெயிக்கும் ஜோடி மாநில அணிக்குப் போகும். ஐரின் வயதில் சின்னவள், அடுத்த வருஷமும் வரலாம். ரூபினிக்கு இதுதான் கடைசி. வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. மாநில அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடலாம், பில்லிங் கவுண்டரிலிருந்து தப்பிக்கலாம். கடையில் சண்டை போட்டு லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

எதிர் ஜோடியில் வீணா என்று ஒரு பெண். நல்ல உயரம். தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும்.

நான் போய் ஓஸ்வால்ட் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு இந்த விளையாட்டில் அரிச்சுவடியும் தெரியாது. ரூபினி சர்வீஸ் போடத் தயாரானபோது, வலையோரம் நின்ற ஐரின் முதுகுக்குப் பின்னால் ஒரு விரலை நீட்டினாள்.

"அது என்ன சார் விரல்?" என்று கேட்டேன். பாவி, கேட்டேன்!

ஓஸ்வால்டின் முகம் மலர்ந்தது. "அதுதான் சார் ரகசிய சிக்னல்! எதிராளிக்குத் தெரியாம பார்ட்னருக்கு மட்டும் காட்டுறது. ஒரு விரல்னா ஐரின் நேர்க்கோட்டு அடியைத் தடுப்பா, ரூபினி பின்னால க்ராஸ், அதாவது குறுக்குப் பக்கம் ஓடுவா. ரெண்டு விரல்னா க்ராஸைத் தடுப்பா, ரூபினி லைனுக்கு, அதான் நேர்க்கோட்டுப் பக்கம் ஓடுவா!"

ரகசியத்தைச் சொல்கிற குரலா அது? காபிக் கடையில் கப் கழுவுகிறவரே திரும்பிப் பார்த்தார். அத்தோடு விட்டாரா? அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மஞ்சுநாத் என்பவர் தமிழ் புரியாமல் விழிக்க, பாவம், அவர் மட்டும் என்ன குற்றம் செய்தார் என்று, "ஒந்து பெரளு அந்த்ரே லைன் பிளாக், ஹிந்தே இரோளு க்ராஸ்கெ ஓட்தாளெ குரு!" என்று கன்னடத்திலும் அறிவித்தார். வீணாவுக்கும் சௌகரியமாகப் போயிற்று. பந்தை ஓங்கி அடிக்கவே இல்லை. ஐரின் கைக்கு மேலே பூப்போலத் தூக்கி, ரூபினி விட்டுவிட்டு ஓடிய மூலையில் போட்டாள். ஒருமுறை அல்ல, அந்த செட் முழுக்க அப்படியே போட்டாள். ஏழு பாயிண்டுக்கு ஒருமுறை இரண்டு ஜோடியும் பக்கம் மாறினால் ஓஸ்வால்டும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாறினார். விரல் தெரியும் இடத்தில் உட்கார வேண்டாமா?

முதல் செட் போயிற்று. ரூபினி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அங்கிள், உங்க கால்ல விழறேன். அந்த விரலை மட்டும் சத்தமா சொல்லாதீங்க."

"டென்ஷன் ஆகாதம்மா. நான் ஜனங்களுக்குத்தான் சொல்றேன், அவங்களுக்கு இல்ல" என்றார் ஓஸ்வால்ட்.

இதற்கு மேல் அந்தப் பெண் என்ன செய்வாள்? ஐரினிடம் போய் ஏதோ கிசுகிசுத்தாள். இரண்டாவது செட்டில் ஓஸ்வால்ட் சொன்னது எல்லாம் தலைகீழாக நடந்தது. நேர்க்கோடு என்றார், ஐரின் க்ராஸைத் தடுத்தாள். வீணா அவர் பேச்சை நம்பிப் போட்ட இடத்திலெல்லாம் ரூபினி முன்கூட்டியே போய் நின்றாள். செட் இவர்கள் பக்கம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எழுந்து நின்று கை தட்டினேன். ஓஸ்வால்ட் கை தட்டவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். தான் சொன்னது தப்பாகப் போவதை அந்த இனத்தால் தாங்க முடியாது.

மூன்றாவது செட் பதினைந்து பாயிண்ட். நிபுணர் வாய் திறக்காததால் ஆட்டம் சமமாகப் போயிற்று. பதினான்குக்குப் பதின்மூன்று, வீணா பக்கம் ஒன்று கூட. ரூபினி சர்வீஸுக்குப் பந்தைக் கையில் எடுத்தாள். ஐரின் முதுகுக்குப் பின்னால் ஒரு விரல்.

நானும் இரண்டு மணி நேரமாகக் கற்றுக்கொண்டதைக் காட்ட வேண்டாமா? "ஒரு விரல். அப்போ நேர்க்கோடுதானே சார்?" என்றேன்.

"இல்ல சார்!" என்று நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார் ஓஸ்வால்ட். "கண்டுபிடிச்சிட்டேன்! அப்படியே மாத்திட்டாங்க! இப்ப ஒண்ணுன்னா க்ராஸ்! ரூபினி லைனுக்கு ஓடுவா பாருங்க! மஞ்சுநாத், உல்ட்டா மாடிதாரெ குரு, உல்ட்டா!"

சர்வீஸ் போனது. பந்து வீணாவிடம் எழும்பி வந்தது. ரூபினி லைனுக்கு ஓடினாள். வீணா பந்தை ஐரின் கைக்கு மேலே தூக்கி க்ராஸ் மூலையில் போட்டாள். ரூபினி திரும்பிப் பாய்ந்தாள், ஒரு சாண் எட்டவில்லை. அப்படியே மணலில் குப்புறக் கிடந்தாள்.

ஓஸ்வால்ட் மணலின் விளிம்பு வரைக்கும் போய் நின்றார். "நல்லாத்தான் ஆடினீங்க. ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதேம்மா. உங்க சிக்னல் அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுத்த தடவை இன்னும் நல்லா மறைச்சுக் காட்டுங்க."

"எனக்கு அடுத்த தடவை இல்ல அங்கிள்" என்றாள் ரூபினி. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

ஓஸ்வால்டை மனதாரச் சபித்துக்கொண்டே வீடு வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது, இரண்டு தடவையும் கேட்ட வாய் என்னுடையது.

நீங்களும் இவ்வளவு நேரம் அந்த மனுஷரைத் திட்டிக்கொண்டே படித்திருப்பீர்கள். ரொம்பச் சந்தோஷம். ஆனால் ஒரு விரலுக்கு என்ன அர்த்தம், இரண்டு விரலுக்கு என்ன அர்த்தம் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஏதோ ஒரு மணல் களத்துக்குப் பின்னால் நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒன்றும் தெரியாத ஒருவர் நிற்கிறார். முன்னால் ஒரு பெண் முதுகுக்குப் பின்னால் விரலை நீட்டுகிறாள். "அது என்ன?" என்று அவர் உங்களைக் கேட்கிறார்.

வாயை மூடிக்கொண்டு இருப்பீர்களா? சத்தியமாக?