சுவரில் உங்கள் பெயர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசுக்குத்தான் அதிர்ச்சி. அது நேற்று தியேட்டரில் ஆரம்பித்தது.

நீங்க கதை வசனம் எழுதின படமாச்சேன்னு தெருவையே கூட்டிட்டுப் போனேன். முடிவெட்டுறவர், தையல்காரர் சம்சாரம், என்னைக் கண்டாலே ஆகாத பக்கத்து வீட்டு ரிட்டையர்டு வாத்தியார் வரைக்கும். படத்துல ராஜா காலத்து நாடகக்காரர் ஒருத்தர், உலகமே கொண்டாடுற மனுஷன், அவர் ஒரு வரிகூட எழுதலையாம்! எல்லாம் மந்திரி எழுதிக் கொடுத்ததாம்! பாவம், நாடகக்காரர் படம் முழுக்கக் குடிச்சிட்டுக் குதிரை லாயத்துல குப்புறக் கிடக்கார். மந்திரி எழுத உட்கார்ந்தாலே மழை கொட்டுது. "இதென்ன அநியாயம்!"னு சத்தம் போட்டுட்டேன். "சும்மா இருங்க, மாப்பிள்ளை காரணமில்லாம எழுதமாட்டார்"னு உங்க அத்தை தொடையில கிள்ளுறா. "யாருய்யா இதை எழுதினவன்?"னு வாத்தியார் கேட்டார். "கடைசியில பேரு வரும், எந்திரிச்சு நின்னு பாரும்"னேன்.

வந்துச்சு மாப்பிள்ளை. உங்க பேரு இல்ல! தயாரிப்பாளரோட மச்சினன் பேரு! அடுத்தவன் எழுத்தைத் தன்னுதுன்னு சொன்னவன் கதையை எழுதிக் கொடுத்தா, அந்த எழுத்தையே சுருட்டிட்டானுங்களே! "உம்ம மாப்பிள்ளை அங்கே டீ வாங்கிக் கொடுக்கிறவரோ?"ன்னு வாத்தியார் இளிச்சார். என் ரத்தம் கொதிச்சுது.

நான் போர்டு எழுதியே குடும்பத்தைக் காப்பாத்தினவன். படிப்புதான் அஞ்சாம் கிளாஸோட நின்னுச்சு, பிரஷ் நிக்கல. இன்னைக்கு விடிஞ்சதும் ஏணியோட போய், முச்சந்திச் சுவர்ல எழுதியிருந்த பட விளம்பரத்துல அந்த மச்சினன் பேரை அழிச்சேன். உங்க பேரை ஆள் உயரத்துக்கு, சிவப்பு எனாமல்ல, நிழல் கட்டி எழுதினேன். கீழே 'எங்க தெரு மாப்பிள்ளை'ன்னும் போட்டாச்சு. வெயில் மழை எதுக்கும் அசையாது. நீங்க கூச்சப்படாம கோர்ட்டுக்குப் போங்க, சாட்சி நான் சொல்றேன்.

நீங்களும் என் மகளும் நோய்நொடி அண்டாம, தலை நிமிர்ந்து வாழணும்.

இப்படிக்கு,
உங்களுக்காக ஏணி ஏறிய மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுறதுக்குள்ள என் மக போன் பண்ணிட்டா. வசனத்தையெல்லாம் அவங்க கண்டபடி மாத்திட்டாங்களாம், நீங்கதான் தயாரிப்பாளர் காலைப் பிடிச்சுப் பேரை எடுக்கச் சொன்னீங்களாமே! ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா? சாப்பிடாமகூடப் போய் ஈரத்துணியால அழுத்தித் தேய்ச்சுப் பார்த்தேன், அழியல; உங்க பேரு இன்னும் பளபளன்னு ஆயிடுச்சு. வாத்தியார் ரொம்ப அக்கறையா ஏணியைப் பிடிச்சுக்கிட்டு, போற வர்ற ஆளுக்கெல்லாம் சத்தமா வாசிச்சுக் காட்டுறார்.