ராசாளி நானாவும் பெருநாள் இறைச்சியும்

கற்பிட்டியிலேயே உபயோகமில்லாத ஒரு தொழிலை மிக நன்றாகப் பழகி வைத்திருந்தவர் ராசாளி நானாதான். இதில் யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். இங்கே மீன் பிடிக்கத் தெரிந்தவன் பிழைப்பான், வெங்காயம் நடத் தெரிந்தவன் பிழைப்பான், இரண்டும் தெரியாதவன் அரசியல் பேசிப் பிழைப்பான். ராசாளி நானாவுக்குத் தெரிந்தது வேட்டைப் பறவையைக் கையில் ஏற்றி வைத்துக்கொண்டு நடப்பது.

அரபு நாட்டில் கற்ற தொழில் அது. கட்டட வேலைக்குப் போனவரைக் கை நடுங்காத ஆள் என்று கண்டு, ஒரு பணக்கார அரபி தன்னுடைய ராசாளிகளைப் பழக்க வைத்துக்கொண்டாராம். அங்கே அந்தத் தொழிலுக்கு லைசன்ஸ் எல்லாம் உண்டு. வேட்டைக் காலம் வந்தால் ராசாளிகள் விமானத்தில் போகும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசனம். நானாவுக்கு அவற்றுக்குப் பின்னால் ஓர் ஆசனம். முன் ஆசனத்து ராசாளி திரும்பிப் பார்த்தால் தான் எழும்பி நிற்க வேண்டும் என்று அவர் பெருமையாகச் சொல்வார். இதில் என்ன பெருமை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து டீவி கொண்டுவந்தார்கள், நகை கொண்டுவந்தார்கள். இவர் தலை நரைத்துத் திரும்பி வந்தபோது பெட்டியில் இருந்தது ஒரு தோல் கையுறை. அதுவும் இடது கைக்கு மட்டும். அண்ணனை நானா என்கிற எங்கள் தெருவில் எல்லாரும் அவருடைய மனைவியை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். ராத்தா பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு, மற்றக் கைக்குரியது எங்கே என்று கேட்டாராம். இந்தத் தொழிலுக்கு ஒரு கைதான் என்றாராம் இவர். அன்றைக்கு அந்த வீட்டில் உலை ஏறவில்லை.

இந்த மனிதர் எனக்குப் பக்கத்து வீடு. நான் கருவாட்டு வாடி வைத்திருக்கிறேன். கரையில் பாய் விரித்துச் சூடை மீன் காயப்போடுவது என் பிழைப்பு. இறகு முளைத்த எதையும் எனக்குப் பிடிக்காது. காகம் தூக்குகிறது, பருந்து தூக்குகிறது, கொக்கு சொந்த வீடு மாதிரி நடந்து வந்து எடுத்துக்கொண்டு போகிறது. அப்படிப்பட்ட எனக்குத்தான் இப்படி ஓர் அயலவர் வாய்த்தார்.

பள்ளிவாசல்துறைப் பக்கத்து இறால் பண்ணை ஒன்றில், பறவைகள் இறங்காமல் இருக்கக் குளத்துக்கு மேலே நைலோன் நூல் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு வல்லூறு சிக்கியது. புறாவளவு பறவை, ஆனால் புலி மாதிரிப் பார்வை. ஒரு சிறகு தொங்கிப் போயிருந்தது. வனஜீவி அதிகாரி வந்தார். இளம் சிங்களப் பிள்ளை, மிஸ் என்று கூப்பிட்டோம். பறவையைத் தொடப் போன இரண்டு பேருடைய கையிலும் ரத்தம் வந்தது. அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராசாளி நானா வந்தார். கையில் கையுறை. அவர் கலியாண வீட்டுக்கும் அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிப் பறவையின் கண்ணை மூடினார். அது அடங்கிவிட்டது.

மிஸ் சொன்ன நிபந்தனையில் சுற்றுவளைப்பு எதுவும் இல்லை. சிறகு ஆறியதும் பறவை தானாக வேட்டையாடிக் காட்ட வேண்டும். காட்டினால் விட்டுவிடலாம். காட்டாவிட்டால் அதற்குக் கொழும்புப் பக்கம் ஒரு கூண்டு, சாகும்வரைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் வந்து பார்ப்பதாகச் சொல்லி, அதுவரை வைத்திருக்க அனுமதி எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து நானாவின் வாயை மூட முடியவில்லை. இலங்கையில் லைசன்ஸ் உள்ள ராசாளிக்காரன் தான் ஒருவன்தான் என்று கேட்டவர், கேட்காதவர், பஸ் கண்டக்டர் எல்லாருக்கும் சொன்னார்.

பறவைக்கு அவர் வைத்த பெயர் மகள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ராத்தா வைத்த பெயர் சக்களத்தி.

வேட்டைப் பறவையைப் பழக்குவது என்றால் முதல் வேலை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு சனம் இருக்கிற இடமெல்லாம் அலைவதாம். தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுபோனார். சாவு விழுந்த மையத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். சலூனுக்குக் கொண்டுபோனார், அங்கே சவரம் செய்தவருடைய கை நடுங்கி நானாவுக்குப் பாதி மீசை போனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது பள்ளிக்கு வெளியே சைக்கிளில் கட்டிவிட்டுப் போவார். அந்த நாட்களில் பள்ளி வாசலில் ஒரு செருப்புக்கூடக் களவு போகவில்லை.

இரண்டாவது வேலை நிறுப்பது. அந்தத் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பார். பறவை கொழுத்துவிட்டால் மரத்தில் ஏறிக் குந்திக்கொண்டு யாரையும் மதிக்காது. மெலிந்துவிட்டால் பறக்கப் பலம் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் நூலளவு இடம். அந்த இடத்தில் நிறுத்தி வைத்தால்தான் அது வேட்டைக்குப் பாயும், கைக்குத் திரும்பி வரும். என் வாடித் தராசில் வைத்துப் பார்த்தார். மூட்டை நிறுக்கிற தராசு, அவள் ஏறினதே அதற்குத் தெரியவில்லை. ஆகவே நகைக்கடைக்குப் போனார். கடைக்காரர் முதல் நாள் மேசைக்குக் கீழே போனார். பிறகு பழகிக்கொண்டார். நகைக்கடைத் தராசு என்பதால் நானாவின் கணக்கும் பவுனாகிவிட்டது.

"மகள் இண்டைக்கு அரைப் பவுன் கூடிட்டா" என்று ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்தார்.

"கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து எனக்கு ஒரு மஞ்சாடி கூடல்ல" என்றார் ராத்தா. "சக்களத்திக்கு நாளுக்கு நாள் பவுன் கூடுது."

மெல்ல மெல்லச் சிறகு ஆறியது. முதலில் கயிற்றில் கட்டி ஒரு கட்டையிலிருந்து கைக்கு அழைத்தார். பிறகு கயிறு இல்லாமல். என் வாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவள் பாயும்போது என் வேலையாட்கள் மீனைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். நான் கத்தினேன். இது கருவாட்டு வாடியா, விமான நிலையமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அந்த நாட்களில் காகம் குறைந்தது உண்மைதான். அதை நான் அவரிடம் சொல்லப் போகவில்லை.

பெருநாள் வந்தது. பெருநாளன்றும் அடுத்து வந்த நாட்களிலும் குர்பான் மாடு அறுத்து இறைச்சி பங்கு வைப்பார்கள். ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு சொந்தக்காரருக்கு, ஒரு பங்கு ஏழைகளுக்கு. ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை ஊரில் இழுத்துப் போட்டுச் செய்கிறவர் ராசாளி நானா. விடிந்தால் போனவர் பொழுதுபட்டுத்தான் வருவார். பறவை அவர் வீட்டு வளவில் கட்டையில் கட்டுண்டு கிடந்தது. நகைக்கடையும் பெருநாளுக்குப் பூட்டு.

வேட்டைப் பறவையைச் சரியான நிறையில் வைத்திருக்கிறார் என்பது எங்கள் தெருவுக்கு விளங்கவில்லை. தெருவுக்கு விளங்கியது வேறு. நல்ல நாளும் பெருநாளுமாக ஒரு வாயில்லாச் சீவன் எலும்பும் தோலுமாகக் கட்டையில் கிடக்கிறது. வீட்டுக்காரன் ஊருக்கெல்லாம் இறைச்சி கொடுக்கப் போய்விட்டான்.

பெருநாள் நாட்கள் கழிந்த மறுநாள் காலையில் மிஸ் ஜீப்பில் வந்தார். பின்னால் ஒரு கம்பிக் கூண்டு இருந்தது. அதைப் பார்த்ததும் கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. நானா பறவையோடு என் வாடிக்கு வந்தார். கை கொஞ்சம் கனக்கிறது, பெருநாள் அசதிபோல என்று என்னிடம் சொன்னார். கையை உயர்த்தி விட்டார். அவள் நேராக என் வேலியோரத்து வேப்பமரத்துக்குப் போனாள், ஒரு காலைத் தூக்கி இறகுக்குள் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

நானா விசில் அடித்தார். பறவைபோலத் தெரிகிற ஓர் இறகுக் கொத்தில் இறைச்சித் துண்டைக் கட்டிக் கயிற்றில் சுழற்றினார். கையுறையைத் தட்டினார். மைனா ஒன்று அவளுக்குப் பக்கத்துக் கிளையில் வந்து இருந்து குளித்த இறகைக் கோதியது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சூரியன் உச்சிக்கு வந்தது. மிஸ்ஸுக்குக் கதிரை போட்டோம், இளநீர் கொடுத்தோம். பறவை நித்திரை.

நானா மரத்தின் கீழே போய் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்களிடம் திரும்பினார்.

"அவட கழுத்தப் பாருங்க. தேசிக்காய் முழுங்கின மாதிரி இரிக்கி. ஆரு தின்னக் குடுத்த?"

ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பிறகு முன்வீட்டுப் பெண் ஒருத்தி, ஒரே ஒரு துண்டுதான் என்றாள். உடனே அவளுக்குப் பக்கத்தில் நின்றவள், நீயுமா என்று கேட்டாள். அதற்குப் பிறகு அடைமழை மாதிரி வந்தது. சலூன்காரர் கொடுத்திருக்கிறார். தேத்தண்ணிக் கடைக்காரர் கொடுத்திருக்கிறார். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், தான் மட்டும்தான் இரக்கப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டு, வேலியால் கை நீட்டியிருக்கிறார்கள். ஒரு கிழவர் மட்டும் தலை நிமிர்ந்து, தான் ஏழைப் பங்கிலிருந்துதான் கொடுத்ததாகவும் சொந்தக்காரர் பங்கைத் தொடவில்லை என்றும் சொன்னார். கடைசியில் என் மனைவி மெல்லிய குரலில், ஓர் உள்ளங்கை ஈரல் என்றாள். பெருநாளன்று ஈரல் இல்லை, முடிந்துவிட்டது என்று என்னிடம் சொன்ன அதே வாயால்.

நான் தெருவையே திட்டினேன். ஓர் உயிரைக் கூண்டுக்கு அனுப்பப் பார்த்தீர்களே என்று கத்தினேன். நானா திட்டவில்லை. வேப்பமரத்தின் கீழே மணலில் உட்கார்ந்தார்.

"பெருநாளைக்கு ஒருத்தரும் என்ட மகள மறக்கல்ல" என்றார்.

மிஸ் எழும்பினார். நாளைக் காலையில் மறுபடி வருவேன், நாளைக்கும் இப்படியென்றால் கூண்டில் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டி வரும் என்று சொன்னார். சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பறவைக்குப் பசி வர வேண்டும். அவ்வளவுதான் செய்யக்கூடியது. ஆனால் குற்றம் செய்த தெரு சும்மா இருக்குமா? அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் இறைச்சி ஆணம் கொதிக்கவில்லை. வல்லூறு மணம் பிடித்து வராது, தாராளமாகச் சமையுங்கள் என்று நானா வீடு வீடாகச் சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை. வீடு நிறைய இறைச்சியை வைத்துக்கொண்டு பாணும் சம்பலும் சாப்பிட்டோம். நானா மரத்தடியை விட்டு அசையவில்லை. ராத்தா பாயும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மரத்தைப் பார்த்துச் சக்களத்தியை ஏசிவிட்டுப் போனார்.

விடிந்தது. மிஸ் வந்தார். கூண்டும் வந்தது. மகள் கிளையில் விழித்திருந்தாள். கழுத்துப் புடைப்பு இல்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தாள். அரபு நாட்டில் ராசாளி வானத்தைக் கிழித்துக்கொண்டு பெரிய பெரிய பறவைகளை அடித்த கதையை நானா எங்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அந்த மாதிரி ஏதோ நடக்கப் போகிறது என்று எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் ஒரு கல் விழுவது போலக் கீழே விழுந்து, என் வேலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணானைத் தூக்கிக்கொண்டு, என் மீன் பாயின் நடுவில் போய் இறங்கினாள்.

ஓணான்தான். தெரு மூச்சு விட்டது. சலூன்காரர் அழுதார்.

கட்டையில் கட்டி வைக்கிற தோல்வார் அவள் கால்களில் இன்னும் இருந்தது. அதை வெட்டிவிட்டால் முடிந்தது. நானா மணலில் குப்புறப் படுத்து, என் சூடை மீன்களுக்கு நடுவே ஊர்ந்து போனார். அவள் தின்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். பறக்கவில்லை. பழக்க தோஷத்தில் ஒரு காலை எடுத்துக் கையுறையில் வைத்தாள்.

மிஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனே, நானா" என்று சிங்களத்தில் இரங்கினார். "சிறகு கொஞ்சம் பதிஞ்சுதானே இருக்கு. இன்னும் ஒரு மாசம் உங்களிட்ட இருக்கட்டும் எண்டு நான் எழுதலாம்."

எழுதட்டும் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். நானும் நினைத்தேன். நானா படுத்தபடியே பேசினார்.

"வேணாம் மிஸ். அங்க ராசாளி ஒண்டொண்டுக்கும் பாஸ்போட் இரிந்திச்சி, போற இடமெல்லாம் கூடவே வரும். என்ட பாஸ்போட் மொதலாளிட அலுமாரிக்குள்ள. ஊருக்குப் போகக் கேட்டா, இன்னும் ஒரு மாசம் எண்டுவாரு. நல்ல மனுசன்தான். அப்பிடி ஒரு மாசம், ஒரு மாசமாத்தான் எனக்கு நரைச்சிச்சி."

இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை, ராத்தாவுக்கும் சொன்னதில்லை. புருஷன் பறவைப் பைத்தியத்தில் வராமல் கிடந்தார் என்றுதான் ராத்தா அதுவரை நம்பிக்கொண்டிருந்தார். ராத்தா என் வாடியில் மீன் அறுக்கிற பெண்ணொருத்தியின் கையிலிருந்த சின்னக் கத்தியை வாங்கினார். குனிந்து நடந்து போய் நானாவின் வலது கையில் கொடுத்தார். நானா இரண்டு வாரையும் வெட்டினார். கையுறையை மெல்லப் பின்னுக்கு இழுத்தார். அவள் ஓணானைத் தின்று முடித்துவிட்டு, அலகைப் பாயில் துடைத்துவிட்டு, தென்னைகளுக்கு மேலால் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் போனாள். ஒரு பாய் மீன் எனக்கு நட்டம். அன்றைக்கு நான் கத்தவில்லை.

பிறகு நானா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தேத்தண்ணிக் கடைக்கு வரவில்லை, பஸ் கண்டக்டர் விசாரித்தார். கடைசியில் நான்தான் போய் வாசலில் நின்று கத்தினேன். காகம் என் பிழைப்பைத் தின்கிறது, பறவைக்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே என்ன செய்கிறீர், வந்து விரட்டும் என்றேன்.

வந்தார். இன்றைக்கும் காலையில் வருகிறார். வாடியில் கதிரை போட்டு உட்காருகிறார். ஒரு காகத்தைக்கூட விரட்டுவதில்லை. கண்ணுக்கு முன்னால் அது மீனைத் தூக்கிக்கொண்டு போனால், "இவன் சிறகத் திருப்புற வடிவப் பாரு தம்பி" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். நான் வாய்க்கு வந்தபடி ஏசுகிறேன். வெயில் ஏறினதும் அவருடைய கதிரையை நிழலுக்கு இழுத்துப் போடுவது நான்தான். வேலையாட்களை விட்டால் கடல் பக்கம் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து வேப்பமரம் தெரியாது.