ஆடி மாதத்தில் என் கல்யாணம்

யாராவது ஒரு தேதியைத் தப்பாகச் சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. துக்க வீட்டில்கூட, "அவுக ரிட்டயர் ஆனது மே மாசம் இல்லைங்க, ஏப்ரல் கடைசி" என்று திருத்தியிருக்கிறேன். (இறந்தவரே எழுந்து மறுத்திருந்தாலும் நான் ஏப்ரலில்தான் நின்றிருப்பேன்.) பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவுக்கு எப்போது தார் போட்டார்கள், அதை எப்போது தோண்டினார்கள் என்பது வரை குறித்து வைத்திருப்பவன் நான். அப்படிப்பட்டவன் என் கல்யாணத் தேதியையே ஊருக்கெல்லாம் தப்பாக அறிவித்தேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

பெண் வளர்மதிக்குச் சொந்த ஊர் கம்பம். அவள் அப்பா அங்கே லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தார். இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி, ஆகஸ்ட் 28, ஆவணி முகூர்த்தம் என்று முடிவு செய்தார்கள். அந்தச் சமயத்தில் நான் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டிருந்தேன். அதாவது, இலவச வீடியோக்களைப் பாதிவரை பார்த்துவிட்டு, மீதி தானாக வந்துவிடும் என்று முடிவு கட்டியிருந்தேன். பத்திரிகை அச்சாகி வருவதற்குள் இணையத்தில் ஓர் அழைப்பிதழ்ப் பக்கம் செய்து அனுப்பிவிட வேண்டும் என்று ஆசை. மேலே எங்கள் படம், நடுவில் தேதி, கீழே மண்டபத்துக்கு வழி.

தேதியைக் கையால் தட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை. எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அந்த மொழியில் நான் எழுதுகிற நிரலே தேதியைக் கணக்கிட்டு எழுத வேண்டும், இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்றும் அதுவே சொல்ல வேண்டும்.

வாட்ஸப்பில் அனுப்புமுன் சரிபார்த்தேன். எதை? தேதிகளைக் குறித்து வைக்கிறவன் மூல ஆவணத்தைத்தானே பார்ப்பான்! நிரலைத் திறந்து ஆகஸ்ட் 28 என்று இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. திரையில் என் முகம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, இரண்டு வீட்டுச் சொந்தங்களுக்கும் அனுப்பினேன்.

மறுநாள் காலையில் மாமனார் கூப்பிட்டார்.

"மாப்ளே, இதென்ன கூத்து? ஆடி மாசத்துல தாலி கட்டப் போறீகளா?"

"ஆவணிதானே மாமா?"

"28-7ன்னு போட்டிருக்கீகளே! ஏழாம் மாசம்னா ஜூலையில்ல? 'உங்கள ஒரு வார்த்தை கேக்காம தேதிய மாத்திட்டாகளா'ன்னு சொந்தக்காரவுக பூராம் கேக்குறாக. கடையில லோடுமேன் வரைக்கும் சிரிப்பு. ஆடி வந்தா புதுசா கட்டிக் குடுத்த பிள்ளையவே கூட்டியாந்துருவோம். நீங்க கட்டுறதே ஆடியிலதானாக்கும்?"

பிறகு குரலை இறக்கினார். "பத்திரிகை அடிக்க வேணாம்னு பிரஸ்ல சொல்லிட்டேன். ரெண்டு வீடும் இன்னொருக்கா உக்காந்து பேசுவோம்."

எங்கள் ஊர்ப் பக்கம் தேதிக்காக மறுபடி உட்கார்ந்தால் பேச்சு தேதியோடு நிற்காது. மண்டபம், சாப்பாடு என்று போய், இந்தச் சம்பந்தம் வேண்டுமா என்பதில் முடியும்.

குற்றவாளியைக் கண்டுபிடித்தேன். ஜாவாஸ்கிரிப்ட் மாதங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஜனவரி பூஜ்யம் என்றால் ஆகஸ்ட் ஏழு. அது தருகிற எண்ணோடு நாம்தான் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் வழக்கமாக விழுகிற குழி. (வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். நான் பார்க்காத பாதியில்.)

கூட்டினேன். வரியின் கடைசியில் ஒரு கூட்டல் குறி, ஓர் ஒன்று. பக்கத்தை ஏற்றினேன். ஏற்றிய வேகத்திலேயே மாமனாரைக் கூப்பிட்டேன்.

"இப்பப் பாருங்க மாமா. சரி பண்ணிட்டேன்."

அந்தப் பக்கம் கண்ணாடிக் கூடு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆத்தா வளரு, இங்கன வா. கண்ணாடி போட்டும் எனக்கு எழுபத்தொண்ணுன்னு தெரியுது."

போன் கை மாறியது. வளர்மதி நிதானமாகப் பேசினாள்.

"ஏங்க, 28-71ன்னு இருக்கு. எழுபத்தோராவது மாசம். அதுவரைக்கும் காத்திருக்கவா, வேற மாப்ள பாக்கச் சொல்லவா?"

இது இரண்டாவது குழி. முதல் குழியிலிருந்து ஏறி வருகிறவர்களுக்காகவே வெட்டி வைத்தது. நாளுக்கும் மாதத்துக்கும் நடுவே கோடு போட்டுவிட்டால் அந்த வரி முழுவதும் எழுத்தாகிவிடுகிறது. எழுத்தோடு ஒன்றைக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் கூட்டாது, பக்கத்தில் ஒட்டிவிடும். ஏழுக்குப் பக்கத்தில் ஒன்று, எழுபத்தொன்று. மாதத்தையும் ஒன்றையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டால்தான் முதலில் இரண்டையும் கூட்டி எட்டாக்கும்.

அடைப்புக்குறி போட்டேன். இந்த முறை திரையைப் பார்த்தேன். 28-8. ஆனால் போனில் சொன்னால் யார் நம்புவார்கள்? லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கம்பம் பஸ் ஏறினேன். சின்னமனூர் தாண்டும்வரை போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தபடியே போனேன். எட்டு எட்டாகவே இருந்தது.

கடையில் மாமனார் திரையை உற்றுப் பார்த்தார்.

"இப்ப எட்டு. நாளைக்கு இதுவா மாறிக்கிருமா?"

"மாறாது மாமா."

"காலையிலயும் இப்பிடித்தான சொன்னீக?"

திரையை அவர் பக்கம் இன்னும் நெருக்கிக் காட்டினேன்.

"எண்ணு எதுக்கு மாப்ளே? ஆவணின்னு எழுத்துல எழுதிவிடுங்க. பத்திரிகை சனத்துக்கு வைக்கிறமா, கம்ப்யூட்டருக்கு வைக்கிறமா?"

ஆயில் டப்பாக்களின்மேல் லேப்டாப்பை வைத்து, அந்த அருமையான நிரலை வரிவரியாக அழித்துவிட்டு, கையால் தட்டினேன்: ஆகஸ்ட் 28, ஆவணி மாதம். அவர் அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, பிரஸ்ஸுக்குப் போன் போட்டார்.

"ஏப்பா, பத்திரிகைய அடிச்சிருங்க. ஆவணியேதான். மாப்ள கம்ப்யூட்டர் படிக்கிறாருல்ல, அதான் மாசம் தெரியல."

ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் தள்ளிப்போகிற காரியத்துக்கெல்லாம் ஒரே பதில்தான். வீட்டுக்கு எப்போது வெள்ளையடிப்பது? எழுபத்தோராம் மாசம். ஃபேனை எப்போது துடைப்பாய்? எழுபத்தோராம் மாசம்.

அந்த மாதமும் ஒருநாள் வந்தது. கல்யாணமாகி எழுபத்தோரு மாதம் முடிந்த அன்று காலையில் மாமனார் கூப்பிட்டார்.

"மாப்ளே, தேதி பாத்தீகளா? இருவத்தெட்டு, ஏழு. நீங்க போட்ட ரெண்டு தேதியும் ஒரே நாள்ல வந்து நிக்குது. ஆடி வேற. பஸ்ஸு ஏறிட்டேன், பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன். ஆவணி பிறக்கவும் வந்து கூப்பிட்டுக்கங்க. எப்பப் பிறக்குதுன்னு நானே போன்ல சொல்லிர்றேன்."

திரும்பிப் பார்த்தேன். வளர்மதி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.